அந்த பஸ்ஸை இரும்புக்கு விற்காதீர்கள்: இலங்கை போக்குவரத்துச் சபைக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இலங்கை போக்குவரத்துச் சபைத் தலைவருக்கும், கிழக்குப் பிராந்திய அதிகாரிகளுக்கும், எங்கள் திருகோணமலைச் சாலையின் (பஸ் டிப்போவின்) முகாமையாளர், சாரதிகள், நடத்துநர்கள், வேலைத்தளத் தொழிலாளர் எல்லோருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். ஓட்டத்திலிருந்து கழித்து ஒதுக்கிய பழைய பஸ்களில் ஒன்றே ஒன்றை ஏலத்தில் விடாமல் திருகோணமலைக்குத் தாருங்கள். இரட்டைத் தட்டு பஸ் ஒன்று நாட்டின் எந்த மூலையிலாவது மிஞ்சிக் கிடந்தால் அதைத் தாருங்கள். இல்லையென்றால் எங்கள் தடங்களில் ஓடித் தேய்ந்த ஒரு பழைய லேலண்டோ டாட்டாவோ போதும். அதோடு, சாலையின் பழைய தடப் பதிவுகளையும் நேர அட்டவணைகளையும் பார்த்துப் படியெடுக்க எங்களுக்கு அனுமதி வேண்டும்.

நாங்கள் பதிவு செய்த சங்கமோ அமைப்போ இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், மீன் வியாபாரி, உங்களிடமே வேலை செய்து ஓய்வுபெற்ற கொண்டக்டர்மார், பஸ்ஸைக் கண்டால் படம் எடுக்காமல் போகமாட்டாத இளம் பிள்ளைகள் என்று ஊரிலுள்ள சிலர். பின்னேரங்களில் டச் பே கடற்கரையில் கூடுகிறோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் பஸ்ஸில்தான் வந்து நிற்கும். இது பொழுதுபோகாதவர்களின் பழங்கதை என்று தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். இந்த மாவட்டம் ஒன்றோடொன்று ஒட்டி நின்றதற்கு உங்கள் பஸ்கள் எவ்வளவு காரணம் என்பதை அந்த பஸ்களை ஓட்டியவர்களின் வாயாலேயே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.

இரட்டைத் தட்டு பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்படுவது அதுதான்.

1958 ஜனவரி முதலாம் திகதி, பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு தனியார் பஸ் கம்பனிகளைப் பொறுப்பேற்று உங்கள் சபையை ஆரம்பித்தது. அதே 1958இல் லண்டனில் பஸ் ஊழியர்கள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். காரும் தொலைக்காட்சியும் பெருகி ஏற்கெனவே அங்கே பயணிகள் குறைந்துகொண்டிருந்தார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சேவைகள் வெட்டப்பட்டன, நல்ல நிலையிலிருந்த பஸ்கள் மிச்சமாயின. இங்கேயோ புதிதாகப் பிறந்த சபைக்கு பஸ் போதவில்லை. இப்படித்தான் லண்டனின் ஆர்டி (RT) என்ற வகைக் குடும்பத்து மாடி பஸ்கள், ஏஇசி கம்பனி செய்ததும் லேலண்ட் கம்பனி செய்ததுமாக, 1950களின் கடைசியிலும் 1960களிலும் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தன. அந்தக் குடும்பத்தில் லண்டனுக்காகக் கட்டப்பட்டவை மொத்தம் ஏறக்குறைய 7,000. எட்டடி அகலமான லேலண்ட் வகையில் 500தான் கட்டினார்கள். அவற்றில் கணிசமானவை இங்கே வந்து சேர்ந்தன. அவர்களைப் போல நாங்களும் வீதியின் இடப்பக்கமாக ஓடுகிறவர்கள் என்பதால் வாசலை மாற்றி வெட்டவோ ஸ்டியரிங் சில்லு இருக்கும் பக்கத்தை மாற்றவோ தேவைப்படவில்லை.

நான் முதன்முதலில் ஏறிய மாடி பஸ் 1970களில் கொழும்புக் காலி வீதியில். திருகோணமலையிலிருந்து இரவு மெயிலில் போய்க் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, வெள்ளவத்தையிலிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போக அப்பா என்னை அதில் ஏற்றினார். பின்பக்கம் கதவே இல்லை. திறந்த மிதிபலகை, நடுவில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, பக்கத்தில் வளைந்து ஏறும் படி. பஸ் புறப்பட்ட பிறகு படியேறினால் உடம்பு ஒரு பக்கமும் பெட்டி மறு பக்கமும் இழுக்கும். மேல் தட்டின் முன் வரிசையில் இடம் கிடைத்தது. அங்கே முன்னால் சாரதி இல்லை, எஞ்சின் மூடி இல்லை, கண்ணாடியும் வீதியும் மட்டும்தான். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது மரக்கிளைகள் கண்ணாடியில் வந்து அடித்தன. நான் தலையைக் குனிந்தேன், பக்கத்திலிருந்தவர் சிரித்தார். பம்பலப்பிட்டி தாண்டினால், வலப்பக்கத்துக் குறுக்கு வீதிகளின் முடிவிலெல்லாம் ஒரு கீற்றுக் கடல். கீழ்த் தட்டில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

அந்த பஸ்ஸின் சாரதிக்கு அரைக் கூண்டு. எஞ்சினுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருப்பார், வெளியிலிருந்து ஏறித்தான் உள்ளே போகவேண்டும். பயணிகளோடு பேச வழியில்லை. அவருக்கும் கொண்டக்டருக்கும் நடுவே மணி மட்டும்தான்: ஓர் அடி என்றால் நிறுத்து, இரண்டு அடி என்றால் போ. கியர் இன்னும் விசேஷம். ஸ்டியரிங் சில்லுக்குக் கீழே ஒரு சின்னத் தடி இருக்கும். அடுத்து எந்த கியர் வேண்டுமோ அதை முன்கூட்டியே அதில் தள்ளி வைத்துவிடலாம், அப்போது ஒன்றும் நடக்காது. இடது காலால் மிதியை அழுத்தும் கணத்தில்தான் கியர் மாறும். எங்களோடு உட்காரும் ஓய்வுபெற்ற சாரதி ஒருவர் இளமையில் கொழும்பில் பயிற்சி எடுத்தவர். இன்றைக்கும் இதை விளக்கும்போது அவருடைய இடது கால் மணலில் தானாக அழுந்துகிறது. “ஏறுமலை வாறது கண்ணுக்குத் தெரியேக்கையே தடியைத் தள்ளிப்போடுவம் தம்பி, பிறகு கால் மட்டும்தான் வேலை” என்பார். வீதியைப் படிக்கத் தெரிந்தவனுக்குச் செய்த வண்டி என்பது அவருடைய தீர்ப்பு.

லண்டனில் ஆர்டி பஸ்ஸின் கடைசி ஓட்டம் 1979 ஏப்ரல் 7ஆம் திகதி. இன்று அங்கே அருங்காட்சியகத்திலும் தனியார் கைகளிலுமாக எத்தனையோ ஆர்டிகள் ஓடும் நிலையில் இருக்கின்றன. விழா நாட்களில் பழைய தடங்களில் ஓட்டுகிறார்கள், சனம் வரிசையில் நின்று ஏறுகிறது. நாங்களும் அதே பஸ்ஸை அதன் கடைசி மூச்சு வரை ஓட்டினோம். வெரஹெர வேலைத்தளத்தில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டி, கிடைத்த உதிரிப்பாகத்தை வைத்துச் சமாளித்து, லண்டன்காரர் நினைத்தும் பார்த்திராத வெயிலிலும் நெரிசலிலும் ஓட்டினோம். ஆனால் வைத்துக்கொள்ளவில்லை. மனம் ஆறாதது இதற்குத்தான்.

சரி, கொழும்புக் கதை திருகோணமலைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கொழும்பில் அந்த மாடி பஸ்களை ஓட்டிய அதே சபைதான் இங்கே எங்களையும் ஏற்றி இறக்கியது. பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்தது 1957 ஒக்டோபரில். இரண்டரை மாதத்தில் உங்கள் சபை பிறந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த ஊர் அடுத்து என்ன செய்வது என்று யோசித்த அந்த வருஷங்களில் சீனக்குடாவுக்கும் கந்தளாய்க்கும் புல்மோட்டைக் கனிய மணலுக்கும் ஆட்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவை பஸ்கள்தான்.

எங்கள் தடங்களை ஓடியவர்களுக்குத்தான் அவற்றின் குணம் தெரியும். வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பேரி. உப்புக் காற்று பஸ்ஸின் அடித்தகட்டைத் தின்னும் தடம் அது. மேற்கே கன்னியா, பன்குளம், ஹொரவப்பொத்தானை. கன்னியாவுக்குப் போகும் காலை பஸ்ஸில், இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்குப் போகிற குடும்பங்கள் இருக்கும். சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கொண்டக்டர் அன்றைக்கு மணியைக்கூட மெதுவாகத்தான் அடிப்பார் என்று அந்தத் தடத்தில் வேலை செய்தவர் சொன்னார். தெற்கே கந்தளாய் வழியாக வெளியூர், 49ஆம் இலக்கக் கொழும்பு பஸ் உட்பட. இடையில் தம்பலகாமத்துச் சந்தியில் ஆதிகோணேஸ்வரர் கோயில் திருவிழாக் காலத்தில் இறங்குகிற கூட்டம். டவுனுக்குள் உவர்மலை ஏற்றம், பாலையூற்று, அன்புவழிபுரம். கொண்டக்டர் “ஆறாம் கட்டை இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ” என்று கூப்பிட்டால், மைல்கட்டை எது என்று தெரியாத பிள்ளைகூடச் சரியான இடத்தில் எழும்பி நிற்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கதை மட்டக்களப்பு வீதி. கிண்ணியா, உப்பாறு, (மகாவலி) கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீர். பாலம் வருமுன் எல்லா இடத்திலும் பாதைதான். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனம் ஏற்றிக் கடத்தும் மிதவையை. அந்த ஓட்டத்தை ஒரு மூத்த சாரதி இப்படிச் சொன்னார்: துறைக்கு வந்ததும் பயணிகள் எல்லோரும் இறங்கவேண்டும். கைக்குழந்தைக்காரியும் இறங்கவேண்டும். வெறும் பஸ்ஸைச் சாரதி தனியாகப் பலகை மேல் ஏற்றுவார். முன்சில்லு ஏறியதும் மிதவையின் தலை தாழும். பின்சில்லு ஏறும் வரைக்கும் கரையில் நிற்கிற யாரும் பேசமாட்டார்கள். கரையில் ஒரு கிண்ணியாக் காக்கா (முஸ்லிம் அண்ணர்) நின்று கையால் சாடை காட்டுவார், அவருடைய கையைத் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது. அக்கரையில் இறங்கி எல்லோரும் ஏறினதும் கொண்டக்டர் தலை எண்ணுவார். மழைக்காலத்தில் கங்கை பெருகினால் பஸ் அங்கேயே நிற்கும், பயணிகள் துறையடியிலுள்ள வீடுகளில் சாப்பிடுவார்கள். யாரும் காசு வாங்கியதில்லை.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த சில வருஷங்களில் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. நல்லது, எல்லோருக்கும் சந்தோஷம். நீரைக் கடப்பது எங்கள் மாவட்டத்தில் என்றைக்கும் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளையும் பறிகொடுத்தோம். பாதைகளில் பத்திரமாக ஆட்களைக் கடத்திய அந்தச் சாரதிகளின் அனுபவம் எங்கேயாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடத் தோன்றியதும் அதற்குப் பிறகுதான்.

யுத்த காலத்தைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, அப்பால் போய் மறுபடி ஏறியதை நீங்களும் அறிவீர்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்த வருஷங்களில் காலையில் சிவப்பு பஸ் வந்தால் வீதி திறந்திருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒரே சாலையில் கையெழுத்து வைத்து, ஒரே தேநீர்க் கோப்பையைக் கழுவிக் குடித்து, அந்த பஸ்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அதை ஒரு பெரிய சேவையாக நாங்கள் மதிக்கிறோம், உங்கள் ஊழியர்களுக்கு முன்னால் தலை வணங்குகிறோம்.

இவ்வளவு பெரிய வரலாற்றுக்குச் சாட்சியாகக் கையில் இருக்கிற பொருள்தான் குறைவு. சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய லேலண்டை வெட்டுவதைப் பார்த்தோம். எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை, யாரையும் குற்றம் சாட்டுவது நோக்கமில்லை. காஸ் விளக்கால் கூரையை முதலில் அறுத்தார்கள். பிறகு பக்கத் தகடுகள். தகட்டை மடித்தபோது மேல் பூச்சு உதிர்ந்து உள்ளேயிருந்த பழைய பூச்சுகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. கொண்டக்டர் சாய்ந்து நிற்கும் கம்பி பளபளவென்று தேய்ந்திருந்தது. அதைத் தூக்கிக் குவியலில் போட்டார்கள். இடப் பெயர்ப் பலகையை மட்டும் எங்களில் ஒருவர் கெஞ்சி வாங்கி வந்தார். மூன்று மொழியிலும் “மூதூர்” என்று எழுதியிருக்கிறது. அவர் வீட்டு விறாந்தையில் மாட்டியிருக்கிறார், பார்க்க வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்க்காமல் போவதில்லை.

ஏல முறை ஏன் இருக்கிறது என்பது எங்களுக்குப் புரியும். கழித்த வண்டி இடத்தை அடைக்கும், சபைக்குக் காசு வேண்டும், கணக்காய்வாளருக்குப் பதில் சொல்லவேண்டும். அதனால்தான் எல்லா பஸ்ஸையும் வையுங்கள் என்று கேட்கவில்லை. ரயிலுக்குக் கடுகண்ணாவையில் 2014இல் அருங்காட்சியகம் திறந்தார்கள், நீராவி எஞ்சினையும் பழைய பெட்டிகளையும் பிள்ளைகள் ஏறிப் பார்க்கிறார்கள். ரயில் போகாத மூதூருக்கும் குச்சவெளிக்கும் வெருகலுக்கும் போனது பஸ்தானே. அதற்கும் அப்படி ஒரு மதிப்பைக் கொடுங்கள்.

பஸ்ஸை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறோம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மான்கள் மேய்கிற அந்தத் திறந்த வெளிப் பக்கமாக ஒரு கொட்டகை போட்டால் போதும். திறந்த வெளியில் மட்டும் வைக்கவேண்டாம். கடலுக்கு இவ்வளவு கிட்ட, கூரையில்லாமல் நின்றால் இரண்டு மாரியில் தகடு ஓட்டையாகிவிடும். கொட்டகைக்குத் தகரமும் கூலியும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். எங்களிடம் வெல்டிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், தச்சு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், உங்களிடமே எஞ்சின் வேலை பழகி ஓய்வுபெற்ற மெக்கானிக் பாஸ் ஒருவர் “சாமானைக் காட்டுங்கோ, ஸ்டார்ட் பண்ணித் தாறன்” என்று நிற்கிறார். உரிமை சபையிடமே இருக்கட்டும். பராமரிப்பை எங்களிடம் தாருங்கள், எழுத்தில் ஒப்பந்தம் போடத் தயார்.

பதிவுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1979இல் தனியார் பஸ்கள் மறுபடி வந்தன, சபை பிராந்தியங்களாகப் பிரிந்தது, பிறகு கம்பனிகளாகியது, 2005இல் மீண்டும் ஒரே சபையானது. பெயர்ப்பலகை மாறும் போதெல்லாம் பழைய கோவைகள் தொலைவது எல்லா அலுவலகத்திலும் நடக்கிற காரியம். எங்கள் சாலையிலும் கிண்ணியா, மூதூர், கந்தளாய் சாலைகளிலும் அலுமாரிகளின் அடியில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதைப் பார்க்க விடுங்கள். ஒரு தாளையும் வெளியே கொண்டுபோகமாட்டோம், அங்கேயே வைத்துப் படம் எடுத்துக்கொள்வோம். நேரக் கணிப்பாளரின் பழைய பதிவேடு ஒன்று கிடைத்தாலே போதும், எந்த வருஷம் எந்தக் கிராமத்துக்கு முதல் பஸ் போனது, எந்த வருஷம் நின்றுபோனது என்று சொல்லிவிடலாம். நின்றுபோன தடங்களில் சில இன்றைக்கும் தேவையாக இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் நடக்கிற தூரத்தைப் பார்த்தால் தெரியும். எந்தத் தடத்தை மறுபடி ஓட்டலாம் என்று திட்டமிடுகிற உங்கள் அதிகாரிகளுக்கும் அந்தப் பதிவு உதவும்.

மாடி பஸ் கிடைத்தால் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளே இரண்டு கருத்து உண்டு. கொழும்பில் ஓடுகிற மாதிரித் திறந்த மாடிச் சுற்றுலா பஸ்ஸாக, வெளிநாட்டார் கட்டணத்தில் விடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது ஊர்ச் சனத்தின் பஸ். காக்கிச் சட்டை போட்ட கொண்டக்டர் இருக்கவேண்டும், சாதாரண டிக்கட் வெட்டவேண்டும், மீன் கூடைக்காரி கீழ்த் தட்டில் ஏறவேண்டும், அவளுடைய பேரப்பிள்ளை மேலே ஓடவேண்டும். ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் வரை இங்கே கடல் அமைதியாக இருக்கிற காலம். அந்த மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடினால் போதும். தடமும் பார்த்து வைத்திருக்கிறோம். பஸ் நிலையத்தில் புறப்பட்டு உட்துறைமுக வீதி வழியாகப் போகலாம். அங்கே மேல் தட்டிலிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் உலகப் புகழ்பெற்ற அந்த இயற்கைத் துறைமுகத்தை உயரத்திலிருந்து பார்த்ததே இல்லை. பிறகு திரும்பி வந்து உப்புவெளி, சாம்பல்தீவு வழியாக நிலாவெளிக்கு. கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசல் வளைவுக்குள்ளால் போகவேண்டும். பதினாலு அடிக்கு மேல் உயரமான பஸ் அதற்குள் நுழையாது, எனவே வாசலுக்கு வெளியே நிறுத்தலாம். சில ஒழுங்கைகளில் மின்கம்பி தாழ்வாகப் போகிறது. ஆர்டி ஒன்றின் வெறும் எடையே ஏறக்குறைய ஏழரைத் தொன் என்பதால் சின்ன மதகுகளையும் பார்த்துக்கொள்ளவேண்டும். இதையெல்லாம் உங்கள் பொறியியலாளர் ஒருவர் எங்களோடு ஒரு காலை நேரம் நடந்து பார்த்தால் முடிவு செய்துவிடலாம்.

ஒற்றைத் தட்டு பஸ்தான் கிடைக்குமென்றாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வோம். எங்கள் மூத்த சாரதிகள் ஓட்டியது அதைத்தான்.

சாலையின் ஓய்வுபெற்ற ஊழியர்களை ஒரு நாள் அழைத்து உட்காரவைத்து, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யவும் ஆசை. உங்கள் சபை பிறந்த ஜனவரி முதலாம் திகதி பொருத்தமான நாள். தேநீரும் வடையும் எங்கள் பொறுப்பு. மண்டபம் வேண்டாம், வேலைத்தளத்தில் ஒரு பஸ் நிறுத்துமிடம் போதும். மூதூரிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் வரவேண்டியவர்களில் சிலருக்கு நடக்க ஏலாது. அவர்களை அழைத்துவர அன்றைக்கு ஒரு பஸ் ஒழுங்கு செய்து தந்தால் பெரிய உதவி.

கடிதத்தின் பிரதியைச் சாலை அலுவலகத்தில் நேரிலும் கையளிக்கிறோம். எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு வந்து முகாமையாளரைச் சந்திக்கலாம் என்று நேரக் கணிப்பாளர் அறையில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். எங்களில் யாராவது ஒருவர் தினமும் அந்தப் பக்கம் வருகிறவர்தான்.

இப்படிக்கு,
பஸ்ஸை நேசிக்கும் திருகோணமலைக்காரர் சார்பில்,
அவர்களில் ஒருவன்